நடுத்துணி அண்ணியிடம் இருக்கிறது

கூப்பிட்ட குரலுக்கு 'இன்னாமே' என்று திரும்பிப் பார்க்கும் என் தாமு அண்ணாவுக்கு,

உன் ஓவியத்தை மண்டபத்திலிருந்து எடுத்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முழுதாக எடுக்க முடியவில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் மேனேஜர் போன் செய்தார். திருப்பதியில், அலிபிரி போகும் சாலையில், நீ பதினான்கு வருடம் மேடை கட்டிய அதே கல்யாண மண்டபம். நான் சித்தூரில் வகுப்பில் இருந்தேன். ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறேன் இப்போது. மாடியில் ஒரு போர்ஷன், தனியாக. நீ போகும்போது நான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தேன், அதனால் இது உனக்குப் புதுச் செய்தி.

"தாமு தங்கச்சிதானேம்மா? மேடைக்குப் பின்னாடி எல்ஈடி ஸ்க்ரீன் போடறோம். உங்க அண்ணன் பொம்ம இருக்கில்ல, பெத்த பொம்ம, ஆஷாடம் முடியறதுக்குள்ள தீசுகெள்ளண்டி. இல்லன்னா கொத்தனாருங்க சிமெண்ட் மூட்டை மேல போத்திடுவாங்க."

அவருக்குப் படம் எல்லாமே பொம்மதான். ஆனால் பெரிய பொம்மை என்று அவர் சொன்னதில் ஒரு மரியாதை இருந்தது. வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வகுப்பில் திரும்பிப் போய் நின்று, எந்தப் பாடம் என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

அண்ணிக்குப் போன் செய்ய இரண்டு நாள் ஆனது. உன் காரியம் முடிந்த பிறகு நான் நாராயணவனத்துக்குப் போகவே இல்லை. ஒன்றரை வருடம். அண்ணி அதே வீட்டில்தான் இருக்கிறார். தறிக்கு நூல் சுற்றுகிறார்.

"சொல்லு கௌரி" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"எப்போ போறே?"

"ஞாயித்துக்கிழமை அண்ணி."

"நானும் வர்றேன். அத்தக் கழட்றப்ப நான் அங்க இருக்கணும்."

*

நீ அதை வரைந்த அந்த ஆடி மாதத்தை நான் எப்படி நினைவு வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். தப்பாக இருந்தால் சிரித்துக்கொள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. மேனேஜருக்கு அது ஆஷாடம். மண்டபம் காலி, உனக்கும் வேலை இல்லை. மற்ற வருடங்களில் அந்த நாட்களில் மேடைத் துணிகளைத் துவைத்து, ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, மொடமொடவென்று மடித்து வைப்பாய். அந்த வருடம் நகரியிலிருந்து மூன்று வெள்ளைத் துணிகள் எடுத்து வந்தாய். தறியிலிருந்து இறங்கிய, சாயம் ஏறாத துணி. அண்ணி கோணி ஊசியால் மூன்றையும் நீளவாக்கில் ஒன்றாகத் தைத்தார். மரச்சட்டத்தில் அடித்ததும் இருபதடி அகலம், ஒன்பதடி உயரம்.

ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டேன். "அந்தச் சொவுரு அவ்ளோ பெருசு கீதே" என்றாய். மேடையின் பின்சுவர். அதை நிரப்புவதுதான் உன் வேலையாக இருந்தது. வேறு அளவை நீ ஏன் யோசிக்க வேண்டும்?

நான் அப்போது சென்னையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறு வந்து, கைபேசியில் உனக்கு அமெரிக்காக்காரர்களின் ஓவியங்களைக் காட்டினேன். சுவர் அளவுக்குத் துணி. ஆள் இல்லை, மரம் இல்லை, சாமி இல்லை. வண்ணமும் அது போன வழியும் மட்டும். நீ கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாய்.

"இதுக்கெல்லாம் எதனா பேரு கீதா?"

"அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம்."

"இன்னாமே இவ்ளோ நீளம். தெர்மாகோல்ல வெட்டி மேடையில ஒட்டணும்னா எனுக்கு ஒரு நாளு ஆவும்."

பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வெட்டி வெட்டி, எதையும் எழுத்துக்கணக்கில்தான் பார்ப்பாய்.

தூரிகை என்று ஒன்று உன்னிடம் இல்லவே இல்லை. தென்னந்துடைப்பம். சுண்ணாம்பு மட்டை. பந்தி முடிந்ததும் சாப்பாட்டு ஹாலில் தரையை வழிக்கிற நீள ரப்பர் வைப்பர். வண்ணம் என்றால் இரும்பு கேட்டுக்கு அடிக்கிற எனாமல், சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர், கொஞ்சம் தார். துணியில் வண்ணம் இறங்காமல் இருக்க என்ன பூசுவார்கள் என்று என்னிடம் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. படித்தவள் நான், கேட்டுச் சொல்லியிருக்கலாம். நீயே ஒரு முடிவுக்கு வந்து, மேடைத் துணிக்குப் போடும் அதே ஜவ்வரிசிக் கஞ்சியை மூன்று முறை பூசினாய். துணி பலகை மாதிரி நின்றது. உனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

அந்த நீலக் கோட்டை நீ இழுத்ததை நான் நேரில் பார்த்தேன். வைப்பரில் நீலத்தை ஏற்றி, மேடையின் இடது ஓரத்தில் துணியில் அழுத்தி, அப்படியே நடந்தாய். நிற்காமல், கையை எடுக்காமல், வலது ஓரம் வரை. இருபதடி. நடுவில் உன் மூச்சு எங்கே வாங்கியதோ அங்கே கோடு கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. முடிந்ததும் வைப்பரைக் கீழே வைத்துவிட்டு நீ திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய்.

நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

*

சென்னையில் ஒரு கேலரி. பெயர் வேண்டாம். அவர்கள் மேல் தப்பில்லை.

அங்கே இருந்த அம்மாள் என் கைபேசியில் உன் ஓவியத்தை நெடுநேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "யார் இவர்? எங்கே படிச்சார்?" என்றார்.

வடக்கே ஒரு ஓவியக் கல்லூரியில் என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அண்ணா. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்காத இடம். கேள்வி வந்தது, பொய் வாயில் தயாராக இருந்தது. உன்னைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். அதில் மண்டபம் இல்லை, மேடை இல்லை, புத்தூர் பள்ளிக்கூடத்தில் நீ எட்டாவதோடு நின்றது இல்லை. நைனா கூலி வேலைக்குப் போனது இல்லை. நல்ல தமிழில் எழுதியிருந்தேன்.

படத்தை வைக்கிறோம், நாங்களே வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வண்டி வரும் என்று ஏற்பாடு. அன்றைக்கே உனக்குப் போனில் சொன்னேன். யாரையோ கூப்பிட்டு "இன்னாமோ சொல்றா, நீ கேளு" என்று போனைக் கொடுத்துவிட்டாய். அண்ணி வாங்கி, "நெசமாவா கௌரி?" என்றார்.

வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "அவரோட நம்பர் குடுங்க. ஒரு பத்து நிமிஷம் பேசணும். இந்தப் படத்தில் அவர் என்ன சொல்ல வர்றார்னு அவர் வாயாலேயே கேட்கணும்."

நீ எப்படிப் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். "இன்னா மேடம்" என்று ஆரம்பிப்பாய். "நானு கல்யாணத்துக்கு மேடை கட்றவன்" என்பாய், பெருமையாக. கல்லூரியைப் பற்றிக் கேட்டால் "எந்தக் காலேஜு?" என்று திருப்பிக் கேட்பாய்.

பொய் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும்தானா? உன் பேச்சைக் கேட்ட பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்பதும்தான். எனக்கும் அதே பேச்சுதான் இருந்தது. இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் அதைத் தேய்த்துக் கழுவியிருந்தேன். நீ வாயைத் திறந்தால் நான் எங்கிருந்து வந்தேன் என்று தெரிந்துவிடும்.

அண்ணனுக்குப் படத்தைத் தர மனசில்லை, வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் வருத்தப்பட்டார். கலைஞர்கள் அப்படித்தான் என்றார்.

உன்னிடம் சொல்லவில்லை. வண்டி வர வேண்டிய நாள் முழுக்கக் கைபேசியை அணைத்து வைத்திருந்தேன். சாயங்காலம்தான் கூப்பிட்டேன். அவங்க ஏமாத்திட்டாங்கண்ணா, வண்டி அனுப்பல என்றேன். நீ காலையிலிருந்து மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாய்.

"உன்ன எதனா சொன்னாங்களாமே?"

"இல்லண்ணா."

"அப்ப உடு. துன்னியா?"

*

மறுநாள் காலை முகூர்த்தம். இருபதடித் துணியை எங்கே கொண்டுபோவாய்? மேனேஜர், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், முன்னால் துணி கட்டிவிடு என்றாராம். கட்டினாய். அதன் பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கட்டினாய். மூன்றரை வருடம், பெண் வீட்டார் கேட்ட வண்ணத்தில் மடிப்பு மடிப்பாகத் துணி தொங்கவிட்டு உன் ஓவியத்தை நீயே மூடினாய்.

ஒருமுறை என் கூடப் படித்தவளின் கல்யாணத்துக்கு அங்கே வந்தேன். ரோஜா நிறத் துணி. நீ ஏணியிலிருந்து இறங்கி வந்து அந்தத் துணியை விரலால் தட்டிக் காட்டினாய். "உள்ள கீது" என்றாய். "நல்லா கீது." தோழியின் பக்கத்தில் நின்றிருந்த நான் தலையை மட்டும் ஆட்டினேன். இவர் என் அண்ணன் என்று அவளிடம் சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் நினைவிருக்கும்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில், நெஞ்சு வலிக்குது என்று மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வயது.

*

ஞாயிற்றுக்கிழமை. சித்தூரில் எனக்குத் தெரிந்த வண்டிக்காரர் முனிரத்தினம். பங்காருபாளையத்தில் மாங்காய் ஏற்றும் பிக்கப் வண்டி அவருடையது. சீசன் முடியும் சமயம், வண்டி முழுக்க மாங்காய்ப் பால் வாசனை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணி பஸ் பிடித்து முன்பே வந்து மண்டபத்து வாசலில் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். "வா" என்றார். முந்திக்கொண்டு படியேறினார்.

மேடைத் துணிகளை அவிழ்த்தார்கள். ஒன்றரை வருடமாக வேறு ஆட்கள் கட்டியவை. கடைசித் துணி விழுந்ததும் உன் நீலம் தெரிந்தது. அண்ணி சுவரைப் பார்க்காமல் கீழே விழுந்த துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதில் என்னென்னவோ ஒட்டியிருந்தது. எனாமல் தடித்த இடங்களில் அட்சதை அரிசி. பசைத்தடம். ஒரு மல்லிகைச் சரத்தின் நார். தெர்மாகோல் எழுத்தின் ஒரு கால். இடது கீழ்மூலையில் கஞ்சி ருசிக்குப் பூச்சி அரித்திருந்தது. அப்புறம் குண்டூசி ஓட்டைகள், வரிசை வரிசையாக.

மேனேஜர் கிட்டே வந்து அந்த ஓட்டைகளைத் தடவினார். "மீ அன்ன உன்னப்புடு ஒக்க பின்னு கூட லேதம்மா" என்றார். நீ இருந்தவரை ஒரு குண்டூசிகூடக் கிடையாது என்று. நீ ஆணி அடித்ததெல்லாம் சட்டத்தின் மரத்தில்தானாம், துணியில் ஒருநாளும் குத்தியதில்லையாம். "நாங்க சொல்லல, அவரும் சொல்லல. அவர் போனப்புறம் வந்த பசங்களுக்கு யாரு சொல்றது?"

பக்கவாட்டுக் கதவு இருந்த இடத்தில் இப்போது சுவர். ஏசி வைத்தபோது அடைத்துவிட்டார்கள். முன்வாசல் எட்டடி உயரம், அதைத் தாண்டினால் உடனே படிக்கட்டுத் திருப்பம். சட்டத்தோடு வெளியே போகாது. சுருட்டிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு பக்கம் கழற்றி லேசாக வளைத்தோம். அப்பளம் ஒடிகிற சத்தம். வெள்ளையும் சிவப்புமாகத் துணுக்குகள் உதிர்ந்தன. உன் ஜவ்வரிசிக் கஞ்சி, அண்ணா. எல்லோரும் கையை எடுத்துவிட்டோம்.

முனிரத்தினம் குனிந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார். "மாங்கா அடிபட்டா கூழு பேக்டரிக்குப் போவும். இது அடிபட்டா எங்க போவும்க்கா?"

"அறுத்துடலாமா?" என்றார் ஸ்க்ரீன் வேலைக்கு வந்திருந்த தச்சர். ரம்பத்தை எடுத்தே விட்டார்.

"அறுக்க வேணாம்" என்றார் அண்ணி. "அது மூணு துணி. தச்சது நானு. நானே பிரிச்சிடறேன். ஒரு பிளேடு இருந்தா குடுங்க."

*

அண்ணி ஸ்டூல் மேல் ஏறி மேலிருந்து பிரித்துக்கொண்டே வந்தார். பின்பக்கம் நின்று நான் துணி விழாமல் பிடித்துக்கொண்டேன். வண்ணம் ஊறிய நூல் எளிதில் வரவில்லை. ஒவ்வொரு தையலாக, கீறி, இழுத்து. முதல் தையல் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நீலக் கோட்டைக் கடக்கும் இடம் வந்ததும் அண்ணி பிளேடை மாற்றிக்கொண்டார். வண்ணம் சின்னதாக ஒரு சத்தத்தோடு விட்டது.

இரண்டாவது தையலில் பாதி வந்தபோது சொன்னேன். எனக்கும் அண்ணிக்கும் நடுவில் துணி இருந்தது. முகம் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"அண்ணி. அன்னிக்கு வண்டிய வேணாம்னு சொன்னது நான்தான்."

பிளேடு நிற்கவில்லை.

"எதுக்கு?"

"அண்ணன் பேசறத அவங்க கேட்டுடுவாங்கன்னு. படிச்சவர்னு பொய் சொல்லியிருந்தேன்."

துணிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி பேசினார்.

"அவரு பேசிப் பாத்துக்கினு இருந்தாரு. தெரியுமா உனுக்கு?"

"என்னது?"

"மெட்ராஸ்லேர்ந்து கேப்பாங்க, தப்பா எதனா பேசிட்டா கௌரிக்கு அசிங்கமாப் பூடும்னு. நான்தான் மெட்ராஸ் அம்மா. கட்டில்ல கால்மேல கால் போட்டுக்கினு உக்காந்து, சொல்லுங்க சார், இந்தப் படத்துல இன்னா சொல்ல வர்றீங்கன்னு கேக்கணும். நாலு நாளு இதே வேல. சோறு வடிக்க உடல."

"என்ன சொல்லுவாரு?"

"மொதல்ல சிரிப்பாரு. அப்பால உன்ன மாரி பேசுவாரு. உன்ன மாரியே கழுத்த சாச்சிக்கினு. கல்யாணம் முடிந்து எல்லாரும் சென்ற பிறகு, மேடை எனக்கு இவ்வாறு உள்ளது. இதான். இதுல நடுவுல 'கீது'ன்னு வந்துட்ச்சின்னா திரும்ப மொதல்லேர்ந்து. நான் ஒருவாட்டி எழுந்து அடிக்கவே போயிட்டேன்."

அண்ணி சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிப்புதானா என்று துணிக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை.

ஆக, அந்த அம்மாள் போன் செய்திருந்தால் நீ என்னைப் போலவே பேசியிருப்பாய். என்னைக் காப்பாற்றத்தான் நீயும் தயாராகிக்கொண்டிருந்தாய். நான் யாரைக் காப்பாற்றினேன்?

"எனுக்கு ஒண்ணு சொல்லு" என்றார் அண்ணி. "அவரு போன அப்பால நீ வூட்டுப் பக்கமே வர்லியே. அதுவும் இதாலதானா?"

"ஆமாண்ணி."

"நானு வேற இன்னா இன்னாவோ நெனச்சிக்கினு இருந்தேன்."

கடைசித் தையல் பிரிந்தது. நடுத்துணி என் பக்கமாகச் சாய, இருவருமாகத் தாங்கிக்கொண்டோம். அப்போதுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"நடுவுது என்கூட வர்ட்டும்" என்றார். "மத்த ரெண்டும் நீ எடுத்துக்கினு போ."

"அண்ணி, மூணும் சேர்ந்தாத்தான் அது..."

"தெரியும். தச்சவ நானு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒருவாட்டி மொத்தத்தையும் உன்ன நம்பி வெச்சிக்கினு இருந்தோம். இந்த வாட்டி வேணாம்."

தச்சர் சட்டத்தை மூன்றாக அறுத்து, மூன்று துணிகளையும் தனித்தனியாக அடித்துக் கொடுத்தார். பக்கவாட்டில் திருப்பி, வாசலில் இடிக்காமல், படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறக்கினோம். மேனேஜர் கடைசிப் படி வரை கூடவே வந்தார். "பெத்த பொம்ம" என்றார் மறுபடி, தனக்குத்தானே.

*

முதலில் நாராயணவனம், அப்புறம் சித்தூர். இது நேர் எதிர்த்திசை என்று முனிரத்தினம் புத்தூர் வரை புலம்பிக்கொண்டே ஓட்டினார். அண்ணி எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

வீட்டு வாசலில் நடுத்துணியை இறக்கினோம். உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவிட்டு முனிரத்தினம் வெளியே வந்தார். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வா கௌரி. ஒரு வாய் துன்ட்டுப் போ."

காலையில் காலேஜ் இருக்கிறது அண்ணி என்றேன்.

இருந்தது. பொய்யில்லை. ஆனால் மணி ஐந்துகூட ஆகவில்லை. அண்ணி தலையை ஆட்டினார், நான் எப்போதும் தலையாட்டுகிற மாதிரியே. வண்டி கிளம்பி ரொம்ப தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைத்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் கிளம்பிவிட்டேன்.

*

இரண்டு துணிகளும் இப்போது என் அறையில் இருக்கின்றன. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பெயிண்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கிற துணியாம்மா?" என்றார். என் அண்ணன் வரைந்தது என்றேன். "அண்ணன் என்ன வேலை?" என்றார். மண்டபங்களில் மேடை அலங்காரம் செய்தார் என்றேன். அவர் "கீழே தண்ணி மோட்டார் போடணும்" என்று போய்விட்டார். இவ்வளவு சின்ன விஷயமா அது?

இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தேன். நீலம் சேரவில்லை. ஒன்று இறங்குகிற இடம், மற்றது ஏறி முடித்த இடம். நீ மூச்சு வாங்கினது நடுத்துணியில் இருக்கிறது. பிறகு இரண்டையும் அறையின் இரண்டு எதிர்ச்சுவர்களுக்குத் தள்ளி வைத்தேன். நடுவில் என் கட்டில், புத்தகங்கள், ஸ்டவ். காலையில் எழுந்ததும் ஒன்றைப் பார்க்கிறேன், திரும்பினால் மற்றது.

சுருட்ட முடியாத, வளைக்க முடியாத, எந்த வாசலிலும் நுழையாத ஒரு பெரிய பொருளைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று இந்த நாட்களில் யோசிக்கிறேன். கேலரிக்குப் போகிறவர்கள் அதற்கென்று ஒரு சுவரைக் காலி செய்வார்கள். நான் எதைக் காலி செய்தேன்? அவசரமாகப் போய் எடுத்து வந்தது உன் ஓவியத்தையா, அல்லது 'நான் எடுத்து வந்தேன்' என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேண்டியிருந்த ஒன்றையா? அண்ணி அதை முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார் என்று தோன்றுகிறது. அவர் நடுத்துணியை மட்டும்தான் கேட்டார். நான் கேட்காமலே மூன்றையும் என்னுடையது என்று வைத்திருந்தேன்.

அட்சதை அரிசியில் இரண்டு மூன்று உதிர்ந்து தரையில் கிடந்தன. பெருக்கவில்லை. யார் கல்யாணத்தில் விழுந்ததோ. அந்த ஜோடிக்குத் தங்கள் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாது. எனக்குத் தெரிந்தும் என்ன செய்தேன்?

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். நீ "உடு" என்பாய். அந்த வார்த்தை எனக்கு இப்போது வேண்டாம், அண்ணா. நீ அதை எனக்கு ரொம்பச் சீக்கிரம் கொடுத்துவிட்டாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினத்தை வரச் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டையும் நாராயணவனத்துக்குக் கொண்டுபோகிறேன். அண்ணியிடம் நடுத்துணியைக் கேட்க மாட்டேன். என்னிடம் இருக்கிற இரண்டையும் அங்கே வைத்துவிடுகிறேன். மறுபடி தைப்பதா, தனித்தனியாகவே இருப்பதா, யாருக்காவது கொடுப்பதா, அண்ணி சொல்லட்டும். கோணி ஊசியைப் பிடி என்றால் பிடிக்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாது, திட்டுவார். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாலும் துணிகளை வாசலில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே வா என்று கூப்பிட்டால், இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். போட்டதைச் சாப்பிடுவேன். மறுநாள் காலேஜுக்கு லீவு சொல்லியாகிவிட்டது.

உன் கூடப்பிறந்தவள்,
கௌரி